ஒன்று முப்பத்தேழு

ஒன்று முப்பத்தேழுக்கு அது தலைக்கு மேல் வரும்.
ஒன்று பத்துக்கே காட்டுக்குப்பம் வந்துவிட்டேன்.
பையில் வெப்பத் துப்பாக்கி, கட்டம் போட்ட தாள்,
டார்ச், பாதி பாக்கெட் பிஸ்கட்.

இரவில் அதன் ஒளிக்கண்ணுக்கு வேலையில்லை.
பகலென்றால் சாம்பல் குளம் வெளுப்பாய்,
கழிமுகம் சேற்றுப் பச்சையாய்,
கடல் கறுப்பாய்த் தெரிந்திருக்கும்.
இப்போது விழித்திருப்பது அகச்சிவப்பு மட்டும்.
நிறம் கேட்காது. சூடு கேட்கும்.
கல்லும் அதற்குப் பதில் சொல்லும்,
உப்புத்தண்ணியும் சொல்லும்.
ஊமை என்று எதுவுமில்லை.

கீழே நின்று, அதே நிமிடத்தில்,
அதே கேள்வியைக் கேட்பது என் வேலை.
ஒப்பந்தம் ஆறு மாதம். இரவுக்கு அறுநூறு ரூபாய்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருபத்தொன்பது.
சுவர் முப்பத்தைந்து, பகலை இன்னும் கக்கிக்கொண்டு.
கழிமுகத் தண்ணீர் முப்பத்தொன்று.
அனல்மின் நிலையம் கழித்துவிடும் கால்வாயில்
முப்பத்தெட்டு.
இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். முப்பத்தெட்டுதான்.

மோகனவல்லி வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள்.
"இன்னாம்மா அது, கொரோனாக்கு நெத்தில வெப்பாங்களே, அதானே?"
அதேதான், கொஞ்சம் விலை ஜாஸ்தி என்றேன்.
தூங்கும் பையனின் நெற்றியில் வைக்கச் சொன்னாள்.
முப்பத்து நாலு.
எவர்சில்வர் குடத்தில் வைக்கச் சொன்னாள்.
ஒன்பது.
தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு.
"பொய் சொல்லுதே உன் மிசினு."

மிசின் இல்லை, குடம்.
பளபளப்பானது தன் சூட்டைச் சொல்லாது,
எதிரில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்லும்.
அதன் எதிரில் வானம் இருந்தது.
கரி பிடித்த சோற்றுப்பானை
முப்பத்தொன்று என்றது, உள்ளது உள்ளபடி.

நேராக வானத்துக்கே பிடித்தேன்.
மைனஸ் மூன்று.
மே மாதப் புழுக்கத்தில், எண்ணூரில்,
அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மேல கீறது நம்ம வூட்டப் பாக்குதா?"

எப்படிச் சொல்வது.
ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கட்டம்.
உன் வீடு, டிரான்ஸ்பார்மர், சாம்பல் குளத்தின் ஓரம்,
பாதிக் கழிமுகம், மூன்று தெரு, அம்மன் கோயில்,
தூங்குகிறவர்கள், தூங்காதவர்கள்
எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு எண்.
சொன்னேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"எல்லாத்தியும் ஒரே சட்டில கொட்டிட்டு
உப்பு மட்டும் பாக்குது."

ஒன்று முப்பத்து நாலுக்கு
அத்திப்பட்டு பக்கமிருந்து என்னவோ வந்து
நட்சத்திரங்களை ஒவ்வொன்றாய் அழித்தது.
வானம் இப்போது பதினேழு.
தாளில் அதையும் எழுதினேன்.

ஒன்று முப்பத்தேழு.
மேலே ஒரு கண்ணாடி சுழன்றிருக்கும்,
ஒரு சுற்றில் ஒரு முறை வெற்றிருட்டைப் பார்த்து,
ஒரு முறை தன் வயிற்றிலிருக்கும் கருந்தகட்டைப் பார்த்து,
குளிர் எது சூடு எது என்று தன்னைத் திருத்திக்கொண்டு,
நடுவில் எங்களை.
சத்தமில்லை. வெளிச்சமில்லை.
நாய் ஒன்று திரும்பிப் படுத்தது.

அடுத்த வியாழன் கோப்பு வந்தது.
திருவொற்றியூர் இருந்தது, மணலி இருந்தது.
எங்கள் கட்டம் வெள்ளை. மதிப்பில்லை. காரணம்: மேகம்.
ஜோடி இல்லாத என் பதினோரு எண்களையும்
நீக்கிவிடச் சொன்னார் ஜெபராஜ் சார்.

மோகனவல்லி போன் செய்தாள்.
"இன்னா சொல்லிச்சி மேல கீறது?"
மேகம் மறைத்துவிட்டது என்றேன்.
"மேகமா? அன்னிக்கி ஏதும்மா மேகம்.
அது பொக. விடியற வரிக்கும் இருமினான் இவன்."

படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
வானம் என்ற இடத்தில் இரண்டே தேர்வு:
தெளிவு. மேகம்.